மறுகா ஞானஸ்நானம் எடுக்கிறதா வேணாமா? (மட்டக்களப்பு)

கல்லடிப்பாலம்
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க. எனக்கு 23 வயசு. அம்மா கத்தோலிக்கம், அப்பா மெதடிஸ்த். பிஷப்பிட்ட அனுமதி எடுத்து கோயில்லதான் கலியாணம் நடந்தது, பிள்ளைகள கத்தோலிக்கமா வளர்க்கிறன் எண்டு அம்மா வாக்குக் குடுத்தவ, அதால எனக்கு மூணு மாசக் குழந்தையிலயே ஞானஸ்நானம், புறகு முதல் நன்மை, உறுதிபூசுதல் எல்லாம் வரிசையா முடிஞ்சிட்டு. வீட்டுல அம்மா "செபம்" எண்டுவா, அப்பா "ஜெபம்" எண்டுவார். அம்மாட புத்தகத்துல "ஆண்டவர்", அப்பாட புத்தகத்துல "கர்த்தர்". சின்னவனா இரிக்கக்குள்ள ரெண்டும் வேற வேற ஆக்கள் எண்டே நினைச்சிருக்கன்.

கெம்பஸ் போனதுக்குப் புறகு ஒரு கூட்டாளி அவன்ட சபைக்கு கூட்டிப் போனான். உண்மையச் சொல்லோணும், அங்கதான் நான் முதல்தரம் யாரும் சொல்லித்தராம என்ட வாயால ஜெபம் பண்ணின. அழுதும் இரிக்கன். ரெண்டு வருஷமா போறன். இப்ப பாஸ்டர் சொல்றார் அடுத்த மாசம் கடல்ல முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கோணுமாம், நீ குழந்தையில எடுத்தது கணக்கில்லையாம், அது தலை நனைச்சது மட்டும்தானாம்.

அம்மாக்கு இன்னும் சொல்லல்ல. அப்பாக்கு சொன்னன், அவர் ஒண்டும் பேசல்ல. அம்மாக்காக அவர் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருவார், நற்கருணை நேரம் மட்டும் எழும்பமாட்டார், வாங்கிலயே இரிந்து கால ஒரு பக்கமா ஒதுக்கி மத்தவங்களுக்கு வழி விடுவார். அத பாத்துப் பாத்து வளர்ந்தவன் நான். எடுக்கவா வேணாமா? சண்டை பிடிக்காம சொல்லுங்க.

வாழைச்சேனை பிரதர்
தம்பி, கர்த்தர் உங்களத் தொட்டிரிக்கார், அதுக்கு முதல் ஸ்தோத்திரம். கேள்வி லேசானது. வேதத்துல முதல் விசுவாசம், புறகுதான் ஞானஸ்நானம், மாற்கு கடைசி அதிகாரத்துல வரிசையே அதுதான். மூணு மாசப் பிள்ளை எதை விசுவாசிச்சது? பாலையா? அப்போஸ்தலர் 19ம் அதிகாரம் எடுத்து வாசிங்க, எபேசுவில முந்தியே ஞானஸ்நானம் எடுத்த சீஷருக்கு பவுல் மறுகா குடுக்க வச்சவர். அப்ப பவுல் செய்தது பிழையா? அப்பா அம்மாட மனம் நோகும் எண்டு பாத்தா ஒருத்தரும் ஒரு நாளும் கீழ்ப்படிய ஏலாது. நானும் இந்துக் குடும்பத்துல இரிந்து வந்தவன், என்ட அம்மா ஒரு வருஷம் என்னோட கதைக்கல்ல, இப்ப அவவே எனக்காக உபவாசம் இரிக்கா.

மறைக்கல்வி டீச்சர்
பிரதர், அதே 19ம் அதிகாரத்த முழுசா வாசிங்க. அந்த ஆக்கள் எடுத்திருந்தது யோவானோட ஞானஸ்நானம். இயேசுட பேரால எடுத்தவங்களுக்கு பவுல் மறுகா குடுத்ததா எங்க இரிக்கி? காட்டுங்க, நான் ஒத்துக்கொள்றன். 16ம் அதிகாரத்துல லீதியாளும் சிறைக்காவலனும் வீட்டாரோட சேர்ந்து எடுத்தாங்க, வீட்டார் எண்டா குழந்தை குட்டி இல்லாத வீடுகளா ரெண்டும்?

தம்பி, நான் இருபது வருஷமா பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறன். திருச்சபை உங்கட பாஸ்டர மாதிரிக் கதைக்காது. நாளைக்கு உங்கட அப்பா கத்தோலிக்கத்துக்கு வாறார் எண்டு வைங்க, அவருக்கு மறுகா ஞானஸ்நானம் குடுக்கமாட்டாங்க. தண்ணியால, பிதா சுதன் பரிசுத்த ஆவியோட பேரால மெதடிஸ்த் ஐயர் குடுத்தது செல்லும். இந்தச் சண்டை மூணாம் நூற்றாண்டுலயே நடந்து முடிஞ்சது. பிரிஞ்சு போன ஆக்கள் குடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்பி வந்தா மறுகா குடுக்கோணும் எண்டு கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் சொன்னார், தேவல்ல எண்டு ரோமைல ஸ்தேவான் பாப்பரசர் சொன்னார். பாப்பரசர் சொன்னதுதான் நிண்டது, ஆனா ரெண்டு பேருமே இண்டைக்குப் புனிதர்கள். ஒண்டு கேட்டுக்கொள்ளுங்க, அந்தக் கடல்ல எந்தப் பேரால குடுக்கிறாங்க? சில சபைகள்ல இயேசுட பேர மட்டும் சொல்லிக் குடுக்கிறாங்க.

வாழைச்சேனை பிரதர்
எங்கட சபைல மூண்டு பேரும் சொல்லித்தான் குடுக்கிற டீச்சர், எல்லாரையும் ஒரே கூடைல போடாதீங்க. மறுகா ஞானஸ்நானம் எண்டு நக்கலாச் சொல்ற பழக்கம் புதுசு இல்ல. 1527ல சூரிச்ல பீலிக்ஸ் மான்ஸ் எண்ட மனுசன, விசுவாசிச்சவங்களுக்கு மட்டும்தான் ஞானஸ்நானம் எண்டு நிண்டதுக்காக ஆத்துல தாட்டுக் கொலை செய்தாங்க. தாட்டது கத்தோலிக்க ஆக்கள் கூட இல்ல, சீர்திருத்த சபை ஊர். தண்ணில ஞானஸ்நானம் குடுத்தவன தண்ணிலயே தாட்ட. அப்ப எங்க போனது உங்கட ஒன்றிப்பு?

கல்லாத்து மாமா
பிரதர் சொன்னது உண்மைதான், அதுல மழுப்ப ஒண்டும் இல்ல. எங்கட பக்கத்து ஆக்கள் செய்த கொடுமை அது. ஆனா 2010ல லூத்தரன் உலக ஒன்றியம் மான்ஸ் மாதிரி ஆக்கள்ட வழி வந்த மெனனைட் சபை ஆக்களிட்ட பகிரங்கமா மன்னிப்புக் கேட்டது, அதையும் சேர்த்து எழுதுங்க.

மகன், நான் உன்ட அப்பாட பக்கத்து ஆள், மெதடிஸ்த். மட்டக்களப்புக்கு எங்கட மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்தது 1814ல, அடுத்த வருஷமே இஞ்சயே செத்திட்டார், ஒரு வருஷம் கூட முழுசா இரிக்கல்ல, ஆனா இண்டைக்கும் பள்ளிக்கூடம் நிக்கிது. அவர அனுப்பின சபைய தொடங்கின ஜோன் வெஸ்லி 1791ல சாகும்வரைக்கும் அங்கிலிக்கன் குருவாத்தான் இரிந்தார், பிரிஞ்சு போற நோக்கமே அவருக்கு இல்ல. ஆனா பிரிஞ்சிட்டம். இதுதான் சபைகள்ட கதை, ஒருத்தரும் பிரியோணும் எண்டு வெளிக்கிடுறல்ல.

டீச்சருக்கு ஒரு கேள்வி. ஞானஸ்நானம் செல்லும் எண்டு பெரிய மனசாச் சொல்றீங்க, அப்ப ஏன் இந்தப் பொடியன்ட அப்பா வாங்கில இரிக்கார்? ஒரே ஞானஸ்நானம் எடுத்தவன் ஒரே மேசைல சாப்பிட ஏலாதா? எங்கட சேர்ச்சுல இந்தப் பொடியன்ட அம்மா வந்தா நாங்க திருவிருந்து குடுப்பம்.

மறைக்கல்வி டீச்சர்
மாமா, அது நோவுற இடம்தான், எனக்கும். திருச்சட்டத்துல 844ம் இலக்கத்துல, சாகும் தறுவாய் மாதிரி நேரங்கள்ல, சில நிபந்தனையோட விதிவிலக்கு இரிக்கி. சாதாரண ஞாயிறுல இல்ல. காரணம் அகம்பாவம் இல்ல. நற்கருணை எண்டா எங்களுக்கு முழு ஒன்றிப்போட அடையாளம், ஒன்றாகாம ஒன்றான மாதிரி நடிக்க ஏலாது எண்டுறது திருச்சபையோட நிலைப்பாடு. நீங்க விருந்த ஒன்றிப்புக்குப் போற வழி எண்டு பாக்கிறீங்க, நாங்க போய்ச் சேர்ந்த இடம் எண்டு பாக்கிறம்.

தேத்தண்ணிக்கடை
நான் சைவம், ஆனா கூட்டாளிமார் பாதிப்பேர் வேதக்காரர், அதால வாசிச்சிட்டு இரிந்தன். சாகக்கிடந்தா குடுப்பம், உயிரோட இரிந்தா வாங்கில இரி எண்டுறது எங்களுக்கு விளங்கல்ல டீச்சர், கோவிக்காதீங்க.

மறைக்கல்வி டீச்சர்
கோவமில்ல தம்பி. எனக்கும் சில நாளைக்கு விளங்குறல்ல.

சும்மா வாசகன்
எல்லாம் நல்ல கதை. இந்தியாவுல அங்கிலிக்கன், மெதடிஸ்த், பிரஸ்பிட்டேரியன், கொங்கிரகேஷனல் எல்லாம் சேர்ந்து 1947 செப்டெம்பர் 27ல தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு. யாழ்ப்பாணத்துலயும் அதுக்கு ஒரு ஆதீனம் இரிக்கி. ஆனா இலங்கைச் சபைகள ஒண்டாக்கிறதுக்கு வருஷக்கணக்கா பேசின திட்டம் கடைசில நடக்கவே இல்ல. ஏன்? காணி, கட்டிடம், பதவி. ஜனவரி 18ல இரிந்து 25 வரைக்கும் சபைகள் ஒண்டாகோணும் எண்டு ஜெபிக்கிற ஒன்றிப்பு வாரம், எண்ணி எட்டு நாள், பாதிரிமார் வரிசையா நிண்டு போட்டோ எடுப்பாங்க, 26ம் திகதி கேட்டப் பூட்டிருவாங்க. சின்னச் சபைகள் அதுக்கும் வாறல்ல. தம்பி நீங்க எங்க முழுகினாலும் ஒண்டுதான்.

வாழைச்சேனை பிரதர்
வாறல்ல எண்டு லேசா சொல்றீங்க. யார் கூப்பிட்ட? எங்களுக்கு "சோத்துக்கு மாறின ஆக்கள்" எண்டு பேர் வச்சது ஊர் மட்டுமா, பெரிய சபைகளும்தான். 2004 சுனாமிக்குப் புறகு நாங்க முகாம்ல சமைச்சுக் குடுத்தா மதம் மாத்திறம், நீங்க குடுத்தா நிவாரணம்.

கல்லாத்து மாமா
அந்தப் பேச்சு நானும் பேசியிருக்கன் பிரதர். பிழைதான்.

புளியந்தீவு அக்கா
நான் எழுதாம விடோணும் எண்டுதான் இரிந்தன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. இஞ்ச மட்டக்களப்பு சீயோன் சபைல குண்டு வெடிச்சது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் செத்தாங்க. நாங்க கத்தோலிக்கம், எங்கட கோயில்லயும் அண்டைக்குத்தான் பாஸ்கா. சத்தம் கேட்டு ஓடினது, ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டது எல்லாம் இப்பவும் கண்ணுக்குள்ள. எனக்குப் பக்கத்துல நிண்ட பெண் சத்தம் போட்டு அந்நிய பாஷைல (ஆவி தாறது எண்டு சொல்ற, மத்தவங்களுக்கு விளங்காத பாஷை) ஜெபிச்சா, முந்தி எண்டா நான் முகத்தச் சுளிச்சிருப்பன், அண்டைக்கு அவட கையப் பிடிச்சிட்டு நான் செபமாலை சொன்னன். ரெண்டு பேரும் நிப்பாட்டல்ல.

சும்மா வாசகன்
அக்கா, உங்கட துக்கத்துல கை வைக்கல்ல. ஆனா அது பயம், ஒற்றுமை இல்ல. புறகு அந்தப் பெண்ணக் கண்டீங்களா?

புளியந்தீவு அக்கா
இல்ல. பேரும் தெரியா. மார்க்கட்டுல கண்டாலும் மட்டுக்கட்டமாட்டன் எண்டு நினைக்கிறன். நீங்க சொல்றதுல பாதி சரி, பாதிய நான் தரமாட்டன்.

கல்லடிப்பாலம்
எல்லாத்தையும் வாசிச்சன். டீச்சர், எந்தப் பேரால எண்டு கேட்டன், மூண்டு பேரும் சொல்லித்தான் குடுக்கிறாங்களாம். அப்ப எனக்கு இன்னும் குழப்பம் கூடினதுதான் மிச்சம், அதே வார்த்தை, அதே தண்ணி, அப்ப ரெண்டாம்தரம் என்னத்துக்கு? ஆனா பிரதர் சொன்ன மூணு மாசப் பிள்ளைக் கதையும் மண்டைக்குள்ள நிக்கிது. நான் தெரிஞ்சு "ஓம்" எண்டு சொல்லவே இல்லயே.

மறைக்கல்வி டீச்சர்
சொன்னீங்க தம்பி. உறுதிபூசுதல் எண்டா அதுதான்.

கல்லடிப்பாலம்
அண்டைக்கு எனக்கு பதினாலு வயசு டீச்சர். எங்கட வகுப்புல எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தன். மனசு முழுக்க அம்மா வாங்கித் தந்த புதுச் சப்பாத்துலதான் இரிந்தது.

வாழைச்சேனை பிரதர்
பாத்தீங்களா.

கல்லாத்து மாமா
பிரதர் அவசரப்படாதீங்க, கடல்ல முழுகுற பொடியன்மார்லயும் பாதிப்பேருக்கு கூட்டாளிமாரப் பாத்து வந்த மனம்தான், அத நானும் கண்டிரிக்கன் நீங்களும் கண்டிரிப்பீங்க. மகன், ஒரு விசயம் சொல்றன். லூத்தர் காலத்துல இரிந்து சண்டை பிடிச்ச பெரிய பிரச்சினை, மனுசன் விசுவாசத்தால நீதிமானாகிறதா கிரியையாலயா எண்டது. 1999 அக்டோபர் 31ல கத்தோலிக்கமும் லூத்தரனும் அதப்பற்றி ஒரு கூட்டு அறிக்கைல கையெழுத்து வச்சாங்க, அடிப்படையில ஒத்துப்போறம் எண்டு, 2006ல நாங்க மெதடிஸ்த் ஆக்களும் சேர்ந்தம். சபை உடைஞ்ச காரணத்துலயே பெரிய பங்கு பேசித் தீர்த்தாச்சு. ஆனா கல்லாத்துல ஒரு ஆளுக்கும் இது தெரியா. என்ட மனிசிக்கே நான் சொல்லித்தான் தெரியும். நீ உன்ட அம்மா அப்பாட வீட்டுல அந்தக் கையெழுத்த நடமாடுற ரூபத்துல கண்டு வளர்ந்தவன், அத பிழை எண்டு சொல்ற ஒரு சடங்குக்கு அவசரப்பட்டு இறங்காத.

வாழைச்சேனை பிரதர்
மாமா, கையெழுத்து வச்ச கடதாசி ஒருத்தனையும் குடில இரிந்து மீட்காது. என்ன மீட்டது அந்தக் கடல்தான். அத நான் விட்டுக்குடுக்கமாட்டன். ஆனா தம்பி, இதையும் சொல்லோணும், அம்மாக்குத் தெரியாம எடுக்காதீங்க. ஒளிச்சு எடுக்கிற ஞானஸ்நானத்த நான் ஒரு நாளும் ஆதரிக்கமாட்டன். உங்கட பாஸ்டர் அவசரப்படுத்தினா காரணம் கேளுங்க.

மறைக்கல்வி டீச்சர்
இதுல நான் பிரதரோட ஒத்துப்போறன். எழுதி வைங்க, இண்டைக்குத்தான் முதல்தரம்.

தேத்தண்ணிக்கடை
ஒன்றிப்பு வாரம் இஞ்சயே தொடங்கிட்டு போல.

கல்லடிப்பாலம்
நாலு நாள் கழிச்சு எழுதுறன். அம்மாக்கு சொல்லிட்டன். அழுதா, சோறு போடல்ல, அடுத்த நாள் ஒண்டும் நடக்காத மாதிரி மீன் வாங்கிட்டு வா எண்டா. பாஸ்டர்ட்ட இந்தமுறை என்ட பேர எடுத்திருங்க எண்டன். அவருக்கு முகம் சரியில்ல, ஆனா சபைக்கு வராத எண்டு சொல்லல்ல. அடுத்தமுறை எடுப்பனா எண்டு எனக்கே தெரியா. வாழைச்சேனை பிரதருக்கு இது தோல்வி மாதிரித் தெரியும், இல்ல பிரதர், நீங்க கேட்ட கேள்வி இன்னும் என்னோடதான் இரிக்கி.

அப்பாதான் கடைசியா வாய திறந்தார். "உன்ட அம்மாக்காக இத்தனை வருஷம் கால ஒதுக்கி வழி விட்டனான், உனக்கும் விடுவன். ஆனா எந்தப் பக்கம் போற எண்டு சொல்லிட்டுப் போ, இருட்டுல இடிபட்டு விழாம" எண்டார்.

புளியந்தீவு அக்கா
அப்ப இந்த ஞாயிறு எங்க தம்பி?

கல்லடிப்பாலம்
காலைப் பூசைக்கு அம்மாவோட. புறகு அப்பாவ மோட்டச்சைக்கிள்ள கொண்டு அவர்ட சேர்ச்சுல இறக்கிட்டு சபைக்குப் போவன், நான் போறக்குள்ள பாட்டு முடிஞ்சிரும், பரவால்ல. பெட்ரோலுக்கு அப்பாதான் காசு தாறார்.