புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருப்போருக்கு வேலை செய்யும் உரிமை உண்டா?

கேள்வி:
அகதிகளின் தேவை என்றால் உணவு, கூடாரம், மருந்து ஆகியவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் கோரிக்கை அளித்துவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உழைத்துப் பிழைக்கவும் அனுமதி இல்லாமல் இருப்பதாக அறிகிறேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இவர்களுக்குப் பொருந்தாதா?

பதில் 1:
உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு ஊதிய வேலையைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் அது சட்டப்படி தங்கியிருக்கும் அகதிகளுக்கே உரியது என்பதால், முடிவு வராதவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் எனப் பல அரசுகள் வாதிடுகின்றன. எனவே உள்நாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 12 மாதங்கள் கடந்த பின்னரே அனுமதி கேட்டு விண்ணப்பிக்க இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை இந்தக் காத்திருப்புக்கு 9 மாதங்களை உச்சவரம்பாக வைத்தது, 2024இல் திருத்தப்பட்டபோது அது 6 மாதங்களாகக் குறைந்தது. உக்ரைனிலிருந்து வெளியேறியவர்களுக்கோ அதே ஒன்றியம் 2022 மார்ச்சில் தற்காலிகப் பாதுகாப்பு வழங்கி, வேலை செய்யும் உரிமையையும் உடன் அளித்தது. ஆக, மற்றவர்களைக் காக்க வைப்பதற்கு நிர்வாகச் சிக்கல் என்று சொல்லப்படும் காரணத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை.

பதில் 2:
வேலை அனுமதி முக்கியம்தான். ஆனால் அனுமதி கிடைத்தவுடன் வாழ்க்கை சீராகிவிடும் என்று எண்ண வேண்டாம். அகதி என அங்கீகரிக்கப்பட்ட நாளிலிருந்தே அரசு தந்த தங்குமிடத்தைக் காலி செய்வதற்கான கெடு தொடங்கிவிடும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் நெடுங்காலம் அது 28 நாள்களாக இருந்தது. அந்த இடைவெளிக்குள் வங்கிக் கணக்கு திறந்து, முன்பணம் திரட்டி, முன்பு வாடகைக்கு இருந்த சான்று எதுவுமின்றி வீடு தேட வேண்டும். நற்செய்தி வந்த கையோடு தெருவுக்கு வரும் விந்தை இதனால் நேர்கிறது. எனவே அடையாள ஆவணங்கள் காத்திருப்புக் காலத்திலேயே வழங்கப்பட வேண்டும் என்பது என் கருத்து; மொழி வகுப்பும் அப்போதே தொடங்குவது நல்லது.

பதில் 3:
வளம் மிகுந்த நாடுகளை மட்டுமே பார்க்கிறோம். உலக அகதிகளில் பெரும்பான்மையோர் இருப்பது குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில். கென்யாவின் தாதாப் முகாம் 1991இல் அவசரகால ஏற்பாடாகத் தொடங்கியது. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அதற்கு மாறாக, உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வேலை செய்யவும் நாட்டிற்குள் நடமாடவும் இடமளிக்கிறது. நிதிப் பற்றாக்குறையால் அங்கும் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டது உண்மை. என்றாலும் வெளியே சென்று சம்பாதிக்க வழியுள்ளவருக்கும் முகாம் வேலியைத் தாண்ட இயலாதவருக்கும் அந்த வெட்டு ஒரே அளவில் வலிப்பதில்லை.