கலைச்சொல் தேவை: ‘மெயின்ஸ்ட்ரீம்’ ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களே,

பண்பாட்டியல் சொற்றொகுதிக்காக, சக்கரம் வைத்த பலகையில் ஓடும் ஸ்கேட்போர்டிங் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே வாக்கியத்தில் நிற்கிறேன். அந்த ஆட்டம் ‘மெயின்ஸ்ட்ரீம்’ ஆகிவிட்டது, அதாவது சிலரிடமிருந்து எல்லோரிடமும் பரவிவிட்டது, என்கிறது மூலம். “மைய நீரோட்டத்தில் கலந்தது” என்று எழுதினேன், அடித்தேன். மீண்டும் எழுதினேன், மீண்டும் அடித்தேன். காரணம், அதற்கு முந்தைய பத்தி. 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பையன்கள் சுவரேறிக் குதித்து, அந்த வெறுங்குளங்களின் வளைந்த சுவர்களில் பலகையை ஓட்டிப் பழகினார்கள். வீட்டுக்காரர் வரும் அரவம் கேட்டால் ஓட வேண்டும். தண்ணீர் இல்லாத குளத்தில் வளர்ந்த ஒன்றை ‘நீரோட்டத்தில் கலந்தது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்:

> மைய நீரோட்டம் நாளிதழ்களில் ஊன்றிவிட்ட சொல். அதைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவது வீண் வேலை.

ஊன்றிவிட்டது உண்மைதான். அரசியல் கட்டுரைகளில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பண்பாட்டைப் பற்றி எழுதும்போது அது தவறான படத்தைக் காட்டுகிறது. ஓடை ஆற்றில் கலந்தால் ஓடை இல்லாமல் போகிறது. திரும்பி வருவதும் இல்லை. இங்கே நடப்பது வேறு. ரூபிக் கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் விற்றது. 1982இல் புடாபெஸ்டில் உலகப் போட்டி நடந்தது. பிறகு மோகம் வடிந்து, விடாப்பிடியான சிலரின் கைகளில் மட்டும் அது தங்கியது. அடுத்த உலகப் போட்டி 2003இல்தான், டொராண்டோவில். அந்த இருபத்தோரு ஆண்டுகளை ‘நீரோட்டம்’ எப்படிச் சொல்லும்? பிரேக்கிங் நடனம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் அது இல்லை. போவதும் வருவதுமாக இருப்பதற்கு ஆற்றைவிடப் பொருத்தமான உவமை நம்மிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நன்னூலின் வழக்கியல் நூற்பாவில் குழூஉக்குறி வருகிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர் என்று உரைகளில் படித்திருக்கிறோம். சப்கல்ச்சர் என்பதன் உயிர்நாடி இதுதானே? சிலருக்குள் மட்டும் புழங்கும் சொல், உடை, அசைவு, நடத்தை. ஆகவே ‘குழூஉப் பண்பாடு’. ‘துணைப்பண்பாடு’ எனக்கு உவப்பாக இல்லை. துணைத்தலைவர், துணைவிதி என்று பழகிய காதுக்கு, மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பது போலவே கேட்கிறது. ‘குழுப்பண்பாடு’ என்று சுருக்கலாமே என்பீர்கள். சுருக்கினால் அலுவலகத்தின் பணிக்குழுவும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். தட்டச்சுக்குத் தொல்லையாக இருந்தாலும் அந்த ‘ஊஉ’ இருக்கட்டும். குழூஉக்குறியை நினைவூட்டுவதே அதுதான்.

இதன் எதிர்முனைக்குப் ‘பொதுவழக்கு’. நிகழ்வுக்குப் ‘பொதுவழக்காதல்’.

இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சொல்லையே காட்டுகிறேன். பலகையைக் கையால் பிடிக்காமல், காலோடு ஒட்டியபடியே காற்றில் எழுப்பும் வித்தைக்கு ‘ஒல்லி’ என்று பெயர். நம் ஒல்லி அல்ல. 1970களின் இறுதியில் புளோரிடாவில் அதைச் செய்து காட்டிய ஆலன் கெல்ஃபாண்டின் செல்லப்பெயர் அது. ஒரு பையனைக் கூப்பிடும் பெயர், அவனோடு ஆடியவர்களுக்கு மட்டும் புரிந்த பெயர், இன்று ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்று, பெண்கள் தெருப்பிரிவில் 13 வயது மோமிஜி நிஷியா தங்கம் வென்றபோது, வர்ணனையாளர்கள் அந்தச் சொல்லை உலகத்துக்கே சொன்னார்கள். குழூஉக்குறி பொதுவழக்கானது. வேறு உவமையே வேண்டியதில்லை.

அதே வழக்கியல் நூற்பா இன்னொன்றையும் கையில் தருகிறது: மரூஉ. ‘அருமருந்தன்ன பிள்ளை’ பலர் வாயில் புழங்கி ‘அருமந்த பிள்ளை’ ஆனதைப் போல, பொதுவழக்குக்கு வரும் பண்பாடும் தேய்ந்து உருமாறுகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் நடந்த விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். அங்கே இசைத்தட்டுகளை இயக்கியவர் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை அவர் மாற்றி மாற்றி நீட்டினார். அந்தத் துண்டுதான் ‘பிரேக்’. அதற்கு ஆடியவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பிரேக்கிங் என்றார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் ‘பிரேக்டான்ஸ்’ ஆக்கின. ஆடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் இன்றும் பிடிப்பதில்லை. பெயரே தேய்கிற இந்த மாற்றத்தை ‘மருவல்’ என்போம். ‘நீர்த்துப்போதல்’ என்றால் குறை சொல்வதாகிவிடும். மருவல் நடந்ததை மட்டும் சொல்கிறது.

பொதுக்கண்ணில் படாமல் இயங்குவதை ஆங்கிலத்தில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்பார்கள். அதற்கு ‘நிலத்தடி’ என்றால் குடிநீர் வாரியம் நினைவுக்கு வருகிறது. ‘தலைமறைவு’ என்றால் போலீஸ். கரந்துறை பாட்டு என்று ஒரு சித்திரகவி உண்டு. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும். ‘கரந்துறை பண்பாடு’ என்று வைத்தால் என்ன? ஆனால் வேண்டுமென்றே மறைந்திருப்பவற்றுக்கு மட்டும். சுவரேறிக் குதித்த பையன்கள் கரந்துறைந்தவர்கள். கனசதுரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

குழூஉப் பண்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். மருவலையும்தான். ‘பொதுவழக்கு’ மட்டும் உறுத்துகிறது. நான் சட்ட மொழிபெயர்ப்பில் இருக்கிறேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் கண் ‘பொதுநல வழக்கு’ என்றே படித்தது. இரண்டாம் முறை படித்தபோதும் அப்படியே. கல்லூரி மாணவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் வரும் என்று அஞ்சுகிறேன்.

—

அம்மா, வணக்கம்.

இரவு முழுவதும் உங்கள் வரிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வது சரி. ஆனால் வழக்கு என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. உலக வழக்கு, பேச்சு வழக்கு, வழக்கொழிதல் எல்லாம் அதோடு போய்விடும். நீதிமன்ற வழக்கு எந்த வினைகளோடு வரும் என்று எழுதிப் பார்த்தேன். தொடுப்போம், நடத்துவோம், வெல்வோம், தோற்போம், தள்ளுபடி ஆகும். ‘ஏறாது’. அரங்கேறல் போல ‘வழக்கேறல்’ என்று வைத்தால் குழப்பம் தீர்கிறது.

தீர்ந்ததோடு நிற்கவில்லை, எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி தந்தது அடுத்து வந்ததுதான். தமிழில் ஏறுதல் வேறு, ஏற்றுதல் வேறு. கனசதுரம் இணையக் காணொளிகள் வழியே இளைஞர்களிடம் தானாகத் திரும்பிப் பரவியது, அது வழக்கேறியது. பிரேக்கிங்கை ஒலிம்பிக்கில் சேர்க்க ஒரு குழு கூடித் தீர்மானித்தது, அது வழக்கேற்றப்பட்டது. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டு, யார் செய்தது என்ற கேள்வியை எழவிடாமல் செய்கிறது. நம் தன்வினையும் பிறவினையும் அந்தக் கேள்வியைக் கேட்டே தீரும். மோகம் வடிவதற்கு ‘வழக்கிறங்கல்’ தானாகக் கிடைக்கிறது.

என் வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: “வறண்ட குளங்களில் கரந்துறைந்த இந்தக் குழூஉப் பண்பாடு, அரை நூற்றாண்டுக்குள் வழக்கேறியது, வழியில் நிறைய மருவியது.” காலையிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன், அடிக்கத் தோன்றவில்லை.

‘பொதுவழக்கு’ என்பதை நீக்கிவிட்டேன். ‘கரந்துறை’ பற்றி மட்டும் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. சொற்றொகுதியில் ககர வரிசை வரும் வாரம் முடிவாகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.