புதுப்பிப்பு: பனம்பழ விளையாட்டு சிமிட்டாமல் ஓடுகிறது
பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் கிடந்த 486 என்ற பழைய கணினியில் கியூபேசிக் நிரல்மொழியில் எழுதும் விளையாட்டு, ஓலைப்பெட்டி நகரும்போதெல்லாம் சிமிட்டுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது! திரைமுறையை மாற்றச் சொன்ன அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி.

முன்பு வைத்திருந்த திரைமுறையான ஸ்கிரீன் 13-இல் 256 வண்ணம் உண்டு, ஆனால் பக்கம் (ஒரு முழுத் திரைப்படத்தை நினைவகத்தில் வைக்கும் இடம்) ஒன்றுதான். அழிப்பதும் வரைவதும் கண்ணில் பட்டுவிடும். ஸ்கிரீன் 7-இல் அதே 320×200, வண்ணம் 16தான், பக்கங்கள் பல. மறைந்திருக்கும் பக்கத்தில் மரம், பழம், பெட்டி எல்லாம் வரைந்து முடித்து, ‘பிகாப்பி 1, 0’ என்று, மறைந்த 1-ஆம் பக்கத்தைத் திரையில் தெரியும் 0-ஆம் பக்கத்துக்கு நகலெடுக்கும் ஒரே வரியில் முன்னால் கொண்டுவந்தேன். துளி நடுக்கம் இல்லை. பனையோலைப் பச்சைக்கும் பழத்தின் கறுப்புக்கும் 16 வண்ணம் தாராளம்.

நேற்று ராத்திரி அப்பா விளையாடிப் பார்த்தார். “ஏல, பனம்பழம் இவ்வளவு மெதுவாவா விழும்?” என்றார். அப்புறம் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.