பூஜையில் வைத்த அலைபேசியை இடையில் எடுக்கலாமா?

பொன்மலை மகள் எழுதியது:

கொலுப்படிகளைக் கழற்றிப் பரணில் ஏற்றி ஒரு வாரம் ஆகிறது. மரப்பாச்சிகளும் பெட்டிக்குள் போய்விட்டன. எங்கள் வீட்டு வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. நீங்களாவது ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்த 2024-இல் ஆயுதபூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சனி விஜயதசமி, அடுத்தது ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததால் நாங்கள் சென்னையிலிருந்தும் தம்பி குடும்பம் ஓசூரிலிருந்தும் திருச்சியில் அப்பா வீட்டில் கூடினோம். முந்தைய இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியது தனிக்கதை, அதை விடுங்கள்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் பழுதுபார்க்க வருகிற இடம் அது. சின்ன வயதில் ஆயுதபூஜைக்கு எங்களை அங்கே அழைத்துப்போவார். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், எங்களுக்குக் கை நிறையப் பொரிகடலை. இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரு பெட்டி ஸ்பேனர், இரண்டு அரம், பிடி வழுவழுத்துப்போன சுத்தியல், ஒரு வெர்னியர் அளவுகோல். வருடம் தவறாமல் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, வாழையிலையில் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது சட்டம். நாங்கள் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்த பக்தியின் ரகசியமும் அதுதான்.

இந்த முறை இலையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, சோபாவில் தலை குனிந்திருந்த எங்களைப் பார்த்தார். "உங்கள் ஆயுதம் எங்கே?" என்றார். தம்பி மடிக்கணினியை எடுத்து வந்தான். "அது ஆபீஸ் ஆயுதம். நாள் முழுக்கக் கையில் இருக்கிறதே, அது?" என்று கேட்டவர், தம்முடைய பட்டன் போனை முதலில் வைத்தார். அதற்குப் பிறகு யார் மறுப்பது? மொத்தம் ஏழு அலைபேசிகள். அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். கேமராவில் படாமல் வைக்கச் சொல்லி என் மகள் கெஞ்சியது பார்க்கப் பாவமாக இருந்தது. பழிக்குப் பழியாகப் பிள்ளைகள் டிவி ரிமோட்டையும் கொண்டுபோய் இலையில் வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் வரைந்து தாயம் ஆடினோம். எங்கள் வீடு கே.கே. நகரில். விமானச் சத்தம் எங்களுக்குக் கோயில் மணி மாதிரி, காதில் விழும், மனதில் பதியாது. ஆனால் அன்றைக்கு இருட்டிய பிறகும் அதே வெளிச்சம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சுற்றுகளை எண்ண ஆரம்பித்தார்கள். அப்பா கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இறங்காமல் ஏன் சுற்றுகிறான்?"

எட்டு மணி சுமாருக்குப் பக்கத்து வீட்டு மாமி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நாங்கள் ஏழு பேருமே எடுக்கவில்லை என்று சென்னைச் சித்தி அவரை அழைத்து அழுதிருக்கிறார். சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறாம். 140-க்கும் மேற்பட்டவர்களுடன், எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடிக்கிறதாம். தம்பியின் பள்ளித் தோழன் அந்த வாரம் சார்ஜா போகிறவன். தம்பி படிகளில் தாவி இறங்கிப் பூஜையறைக்குள் போய்விட்டான். நான் கீழே வந்தபோது பேசிக்கொண்டிருந்தான், காதோரம் சந்தனம் ஒட்டியிருந்தது. தோழன் வீட்டில்தான் இருந்தான், அவன் பயணம் திங்கட்கிழமை. விமானமும் எட்டேகாலுக்குப் பத்திரமாக இறங்கிவிட்டது.

அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. எடுத்ததற்காக அல்லவாம். "அவசரத்துக்கு எடுத்தான், சரி. விமானம் இறங்கிய பிறகு திரும்ப வைத்தானா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வைக்கவில்லைதான். பதினோரு மணிவரை திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். "வெளியே வந்த ஆயுதத்தை மறுபடி இலையில் வைத்தால்தான் தப்பு" என்கிறான் அவன். உங்கள் வீடுகளில் எப்படி?

ஓட்டுநர் கரூர் எழுதியது:

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன் அக்கா. ஆயுதபூஜை அன்று வண்டிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, கற்பூரம் ஏற்றிய நேரத்தில் அழைப்பு வந்தது. எலுமிச்சையை நசுக்கியபடியே கிளம்பிவிட்டேன். பிரசவ வலியில் ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பினால், கற்பூரம் காட்டியவர் தட்டோடு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு கட்டி ஏற்றி முடித்தோம். ஆகவே திரும்ப வைப்பதில் தப்பே இல்லை என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

ரிமோட்டை வைத்த பிள்ளைகளுக்கு என் ஓட்டு.

எங்கள் வீட்டில் அலைபேசியைக் கேட்கும் தைரியம் யாருக்கும் கிடையாது. மாமியார் அரிவாள்மணையையும் இட்லிக் குக்கரையும் வைத்துவிட்டு, "எனக்கும் நாளை வரை விடுமுறை" என்று உட்கார்ந்துவிட்டார். இரவு ஓட்டலுக்குப் போனோம். போகிற வழியில் கடைக்காரர்கள் நடுரோட்டில் போட்டு உடைத்த பூசணிக்காயில் ஸ்கூட்டர் சறுக்கி என் கணவருக்கு முழங்கை தேய்ந்தது. யாராவது இதற்கு ஓர் இழை தொடங்குங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

தீர்ப்பு இருக்கட்டும். அப்பா பேசினாரா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பொன்மலை மகள் எழுதியது:

பேசினார். பேசவைத்ததும் அந்த அலைபேசிதான், அதுதான் வேடிக்கை.

வெள்ளிக்கிழமை இரவே கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது நினைவிருக்கும். உயிர்ச்சேதம் இல்லை, பலருக்குக் காயம். தம்பி அதைத்தான் பதினோரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பாவிடம் சொல்லப் பயம். சனிக்கிழமை மறுபூஜை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது மெல்லச் சொன்னான். அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். முந்தைய மாலைக்குப் பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை: "மெயின் லைனா, லூப் லைனா?"

மெயின் லைனில் போகவேண்டிய வண்டி, வண்டிகள் ஒதுங்கி நிற்கிற லூப் லைனுக்குள் புகுந்தது என்று அவன் படித்துக் காட்டினான். அப்பா அலைபேசியை வாங்கி, துண்டால் சந்தனத்தைத் துடைத்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கவிழ்ந்த பெட்டிகளை விரல் வைத்து எண்ணினார். பிறகு தரையில் பொரியைக் கொட்டி இரண்டு தண்டவாளம் போட்டு, தண்டவாளம் பிரிகிற பாயிண்ட் எங்கே, சிக்னல் எங்கே, எது எப்படித் திரும்பியிருந்தால் வண்டி இந்தப் பக்கம் வரும் என்று எங்கள் எல்லோருக்கும் முக்கால் மணி நேரம் விளக்கினார். லூப் லைனில் சரக்கு ரயிலாக நின்ற பொட்டுக்கடலை வரிசையை, பாடம் பாதியில் இருக்கும்போதே, தம்பியின் சின்னவன் எடுத்துத் தின்றுவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லாமல் மறுபடி அடுக்கினார்.

திரும்ப வைத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. கரூர்க்காரர் எழுதியதை நேற்றுத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார்.