கார்ட்டூன் உலகத்துப் பெண்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

நீர்ச்சுனை:
‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005) கார்ட்டூன் தொடர், முதல் பருவம், 18-ஆவது பகுதி. போன வாரம் பத்து வயது மகளோடு மறுபடி பார்த்தேன். நீரை ஆட்டிவைக்கும் வித்தையின் ஆசான் பாக்கு, பெண் என்பதால் கட்டாராவுக்குச் சண்டை கற்றுத்தர மறுத்து அவளை வைத்தியக் குடிலுக்கு அனுப்புவது எல்லோருக்கும் தெரியும். சின்னப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, யுகோடா பாட்டி ஒரு பொம்மை உடம்பின் மேல் நீரை ஓடவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டாராவின் கழுத்தணியைப் பார்த்து, தன் பழைய தோழி கன்னாவின் பேத்தி என்று கண்டுபிடித்துவிடுகிறார். அதைச் செதுக்கிய பாக்குவுக்கோ, சண்டையில் அது கீழே விழுந்த பிறகுதான் தெரிகிறது! ஊரை விட்டுப் போன அந்தத் தோழியின் கதையை அந்தக் குடில்தான் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்தது. ஆனால் கதை இரண்டு நிமிடத்தில் வெளியே ஓடிவிட்டது. “அந்தப் பாட்டிகிட்டயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்ல?” என்று மகள் கேட்டாள். இன்னும் உறுத்துகிறது.

துருத்தி:
கதை அந்தக் குடிலை விட்டு ஓடிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் பருவக் கடைசியில் கதாநாயகன் ஆங்கைப் பிழைக்க வைத்தது அந்த வைத்தியம்தானே? எனக்கு மறக்காதது ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) என்ற ஜப்பானிய அனிமேஷன் படம். இரும்பாலையில் பெண்கள் பாடிக்கொண்டே பெரிய துருத்தியை மிதிப்பார்கள், நாயகன் அஷிதாகாவும் ஏறி மிதித்துப் பார்ப்பான், அவ்வளவுதான் காட்சி. ஆனால் ஜப்பானின் பழைய தத்தாரா என்ற இரும்பு உருக்கும் உலைப் பக்கமே பெண்களை விடமாட்டார்கள். உலையின் தெய்வம் கனயாகோ ஒரு பெண், அவளுக்குப் பெண்கள் வந்தால் ஆகாது என்று நம்பிக்கை. அது தெரிந்து பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

விசிறி:
எனக்கு ‘அவதார்’ தொடரில் வரும் கியோஷி தீவு. அங்குள்ள பெண் வீரர்களைக் கேலி பேசிய கட்டாராவின் அண்ணன் சொக்கா அவர்களின் உடையையே போட்டுக்கொண்டு நிற்க, பட்டு நூல் வீரர்களின் ரத்தம், பொன் சின்னம் அவர்களின் மானம் என்று அவர்களின் தலைவி சூகி விளக்குவாள்.
சொந்தமாக உலகம் வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நகை, சேலை, பச்சைகுத்து என்று முதலில் வரையாதீர்கள். உங்கள் ஊரில் பெண்கள் விடியற்காலையில் எங்கே கூடுகிறார்கள், யார் யாருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அங்கே யாருக்கு அனுமதி இல்லை, பிரசவத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள், கிழவிகள் சண்டை போட்டால் யார் தீர்த்துவைப்பார்கள், இதை முடிவு செய்யுங்கள். அப்புறம் உடையின் எந்த இடம் கறைபடும், எந்த இடம் தேயும் என்பது தானாக வரும். பின்னணியில் நிற்கும் பெண்கள் கையிலும் ஒரு வேலை கொடுங்கள். நடனமாடவும் அழவும் மட்டும் அவர்களைக் கூட்டிவராதீர்கள்.

நீர்ச்சுனை:
துருத்தி, ஆங் விஷயம் சரி, நீங்கள் சொன்னது நியாயம். ஆனாலும் என் குறை பாட்டியைப் பற்றியது. மோனோனோகேயைப் பத்து வயதுக்குக் காட்டலாமா? ஆரம்பத்திலேயே கை துண்டாகிப் பறக்குமே.