மாரி காலத்து வீ ஃபிட்: யூஎஸ்பியில் பிரதி வைத்து விளையாடலாமா?

உவர்மலைவாசி:
நீரிழிவுள்ள என் தாயார் விடியற்காலையில் உட்துறைமுக வீதியில் நடப்பவர். கார்த்திகை, மார்கழி மாரியில் அது முடியாதபோது, நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியின் சமநிலைப் பலகையில் ஏறி வீ ஃபிட் பயிற்சிகளைச் செய்வார். பழைய கருவி என்பதாலும் கடற்காற்றாலும் இறுவட்டை வாசிக்கும் லென்ஸ் தளர்ந்து, இப்போது விளையாட்டு திறப்பதே அரிதாகிவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய இறுவட்டின் பிரதியை யூஎஸ்பி வன்தட்டில் வைத்து விளையாடுவதில் தவறில்லை என்பதே என் நிலைப்பாடு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், கணினிச் செய்நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தால் அல்லது பயனற்றுப்போனால் ஈடாக வைத்துக்கொள்ள ஒரு பிரதி எடுக்க இடமளிக்கிறது.

திருக்கடலூரான்:
அந்த அனுமதி, உங்கள் கையிலுள்ள இறுவட்டிலிருந்து நீங்களே எடுக்கும் பிரதிக்குத்தான். தளர்ந்த லென்ஸை வைத்துக்கொண்டு அதை எப்படி எடுப்பீர்கள்? கணினிகளில் உள்ள இறுவட்டு இயக்கிகளில் மிகச் சிலவே வீ இறுவட்டை வாசிக்கும். மற்றவர்கள் கிளீன்ரிப் என்ற செய்நிரலை வீயிலேயே இயக்கித்தான் பிரதி எடுக்க வேண்டும். அது முடியாதவர்கள், யாரோ இணையத்தில் ஏற்றிய கோப்பை இறக்கிவிட்டு அதைக் காப்புப் பிரதி என்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. யூஎஸ்பியிலிருந்து விளையாடுவதற்காக வீயில் சீஐஓஎஸ் என்ற மாற்றியமைத்த அமைப்பு மென்பொருளை நிறுவும்போது தவறு நேர்ந்தால் கருவியே திறக்காமல் போகக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உவர்மலைவாசி:
உப்புவெளியில் நண்பர் ஒருவரிடம் நல்ல நிலையில் ஒரு வீ இருக்கிறது. எங்கள் இறுவட்டை அங்கே கொண்டுபோய் எடுத்தால் உங்கள் முதல் மறுப்பு நீங்கும் அல்லவா? ஆனால் கீறலால் இறுவட்டே கெட்டுப்போனவர், அதே விளையாட்டின் அதே பதிப்பை இறக்கிக்கொள்வதால் யாருக்கு நட்டம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்று அவர் பழைய இறுவட்டு ஒன்றைத் தேடி வாங்கினாலும், அதைச் செய்த நிறுவனத்துக்கு ஒரு சதமும் போகாது.

நிலாவெளிச்சம்:
இருவரும் இறுவட்டையே பார்க்கிறீர்கள். அம்மாவின் எடைப் பதிவுகள் இறுவட்டில் இல்லை. அவை கருவியின் 512 எம்பி உள்நினைவகத்தில் இருக்கின்றன. வேறெதையும் நிறுவுவதற்கு முன், பூட்மீ என்ற செய்நிரலைக் கொண்டு அந்த நினைவகம் முழுவதையும் எஸ்டி அட்டையில் பிரதி எடுங்கள். இறுவட்டு கெட்டால் வேறொன்று கிடைக்கும், ஆனால் பல ஆண்டுகளின் பதிவு போனால் போனதுதான். பலகை புளூடூத் வழியாக இணைவதால், விளையாட்டு யூஎஸ்பியில் இருந்தாலும் வழமைபோல வேலை செய்யும்.

திருக்கடலூரான்:
பதிவுகளைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆயினும் பிந்திய வீக்களில் பூட்மீயை, கருவி திறந்த பிறகே இயங்கும் ஐஓஎஸ் என்ற அமைப்பு மென்பொருளாக மட்டுமே நிறுவ முடியும் என்பதால், கருவி திறக்காமலே போனால் அந்தப் பிரதியை மீளப் பதிப்பது மிகக் கடினம். நண்பரின் வீயில் பிரதி எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இறக்குவது பற்றிய என் கருத்து மாறவில்லை: நட்டமில்லை என்பதால் அது நம்முடையதாகிவிடாது.

உவர்மலைவாசி:
அதில் நாம் உடன்படப் போவதில்லை. முதலில் உள்நினைவகத்தின் பிரதியை எடுத்துவிட்டு, சனிக்கிழமை இறுவட்டுடன் உப்புவெளிக்குப் போகிறேன்.