‘டாப் ஸ்பீட்’ (1930) சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. மெர்வின் லெராய் இயக்கி 1930இல் வந்த ‘டாப் ஸ்பீட்’ படத்துக்கு சப்டைட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆங்கிலமானாலும் பரவாயில்லை. கதை ரொம்ப எளிது: இரண்டு சாதாரண குமாஸ்தாக்கள் லீவுக்குப் போன இடத்தில் கோடீஸ்வரர்கள் என்று அளந்துவிட்டுப் பணக்காரப் பெண்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள், அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய் ஒருவன் விசைப்படகுப் பந்தயத்தில் இறங்கவேண்டி வருகிறது. நம் ஊர் ஆள்மாறாட்டக் காமெடி மாதிரியேதான்!

பந்தயம் பார்க்க சப்டைட்டில் வேண்டாம்தான். ஆனால் இதில் நடிக்கும் காமெடியன் ஜோ ஈ. பிரவுன் வாயைத் திறந்தால் பாதி புரியவில்லை, பேசும்படம் வந்த புதுசு, ஒலி வேறு கரகர என்கிறது. ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) கடைசியில் மோட்டார் படகு ஓட்டுவாரே, அந்தப் பணக்காரக் கிழவர் இவர்தான். 29 வருஷம் முன்பே படகுப் படத்தில் இருந்திருக்கிறார் மனுஷன்.

‘டாப் ஸ்பீட்’ படமே நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நடந்த ஒரு இசை நாடகத்திலிருந்து எடுத்ததுதான், 1929 டிசம்பரில் நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் பிராட்வேயில் அறிமுகமானது அதில்தான். அதனால் பாட்டு வரிகள் மட்டும் கிடைத்தால்கூடப் போதும். அப்புறம், காது கூர்மையான யாராவது ஒரு பத்து நிமிஷம் கேட்டு எழுதித் தர முடியுமா? மீதியை நானே உட்கார்ந்து முடித்துவிடுகிறேன்.